"எங்கள் பக்கம் சரியாக இருக்கிறதே!": வலைப்பதிவு ஹோஸ்டிங் சப்போர்ட் ஏன் இப்படிப் பேசுகிறது?

சொந்தமாக வலைப்பதிவு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், ஹோஸ்டிங் நிறுவனத்தின் (தளத்தை வைக்க சர்வரில் இடம் வாடகைக்கு விடுபவர்கள்) சப்போர்ட்டிலிருந்து இந்தப் பதிலை ஒரு முறையாவது வாங்கியிருப்பார்: "எங்கள் பக்கம் தளம் சரியாகத் திறக்கிறது. பிரவுசர் கேஷை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்." கேஷ் என்பது முன்பு பார்த்த பக்கங்களைப் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் இடம். தண்டையார்பேட்டையில் வெள்ளைத் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு இதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் பல நேரம் அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்குத் திறக்கிறது, நமக்குத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியதுதான். நடுவில் பல பேர் கை இருக்கிறது. கோளாறு யார் கையில் என்று தெரியாமலே நாம் புகார் எழுதுகிறோம், அவர்களும் தெரியாமலே பதில் எழுதுகிறார்கள்.

வட சென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. வெள்ளம், எண்ணெய்க் கசிவு, வெட்டுக்குத்து என்றால்தான் கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பும். மற்றபடி 1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றியோ, 1996ல் மூடிய பின்னி மில்லைப் பற்றியோ, வியாசர்பாடி கால்பந்து, காசிமேட்டு மீன் ஏலம், தெருமுனை கேரம் கிளப் பற்றியோ உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. அப்படி எழுதியதில் நிறைய புத்தகமாகவில்லை; யாரோ ஒருவரின் வலைப்பதிவில் மட்டும் இருக்கிறது. அந்தத் தளம் போனால் அதோடு போயிற்று.

நடுவில் எத்தனை பேர்?

ஒரு பக்கம் நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பிரவுசரில் தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் (ஐபி முகவரி) என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கப்படுகிறது. எண் கிடைத்ததும், வீட்டுக்கு இணையம் கொடுப்பவரின் கம்பி வழியாகக் கோரிக்கை கிளம்பி, மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. அங்கே நுழையும் இடத்தில், சந்தேகப்படும் ஆட்களைத் தடுக்கும் ஒரு ஃபயர்வால். அதைத் தாண்டினால் வேர்ட்பிரஸ் போன்ற ஒரு மென்பொருள். அது டேட்டாபேஸிலிருந்து நம் பதிவை எடுத்து, தீம் என்ற தோற்ற வடிவமைப்பைப் போர்த்தி, பிளகின் என்ற கூடுதல் வசதிகளை ஓட்டி, பக்கத்தைக் கட்டி அனுப்புகிறது. டொமைனை (தளத்தின் பெயரை) விற்றவர் ஒருவர், சர்வரை வாடகைக்கு விட்டவர் இன்னொருவர், தீம் எழுதியவர் மூன்றாமவர், இணையம் தருபவர் நான்காமவர். நமக்குத் தெரிவதெல்லாம் "தளம் திறக்கவில்லை" என்ற ஒரே விஷயம்தான்.

இதில் ஃபயர்வாலில் நடக்கும் ஒரு கூத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'எல்லோருக்கும் திறக்கிறது, எனக்கு மட்டும் திறக்கவில்லை' என்ற புகாருக்கு நான் பார்த்தவரை அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். வட சென்னைச் சந்துகளில் பல வீடுகளுக்கு இணையம் கேபிள் டிவி ஆபரேட்டர் வழியாகத்தான் வருகிறது. பழைய வகை ஐபி முகவரிகள் ஆசிய பசிபிக் பகுதிக்கு 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. அதனால் இருக்கும் ஒரு முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடுக்கி வைக்கிறார்கள், சிஜிநாட் என்பார்கள். செல்போன் டேட்டாவிலும் இதே ஏற்பாடு உண்டு. வெளியே இருக்கும் சர்வரின் கண்ணுக்கு நம் தெரு முழுவதும் ஒரே ஆள்.

இப்போது, அந்தத் தெருவில் யாரோ ஒருவரின் கணினியில் வைரஸ் இருந்து கண்ட தளங்களில் எல்லாம் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது என்று வையுங்கள். சர்வரின் ஃபயர்வால் அந்த முகவரியைத் தடை செய்கிறது. நம் தளமும் அதே சர்வரில் இருந்தால் நம் தளமே நமக்குத் திறக்காது. வெளி ஆள்கூட வேண்டியதில்லை. தளத்தின் பெயரில் வைத்திருக்கும் மின்னஞ்சலுக்கு பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பழைய போனில் மாற்ற மறந்திருப்போம். அந்தப் போன் சில நிமிடங்களுக்கு ஒரு தரம் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் தளம் மூடப்பட்டுவிடும். சப்போர்ட்காரர் தன் இடத்திலிருந்து பார்த்தால் தளம் ஜம்மென்று திறக்கும்.

சோதிப்பது எளிது. வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். வேறு ஏரியாவில் இருக்கும் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால், உங்கள் ஐபி முகவரி என்ன என்று கூகுளில் தேடிப் பார்த்து அந்த எண்ணை டிக்கெட்டில் (சப்போர்ட்டுக்கு அனுப்பும் புகாரில்) எழுதுங்கள். "இந்த முகவரி உங்கள் ஃபயர்வாலில் தடை செய்யப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டால் சில நிமிட வேலை. "தளம் மூன்று நாளாகத் திறக்கவில்லை, உடனே சரி செய்யவும்" என்று எழுதினால் கேஷை அழிக்கச் சொல்லித்தான் பதில் வரும்.

இதே குழப்பம் நாடு தழுவிய அளவில் ஒரு முறை நடந்தது. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்கள் கழித்து, ஒரு சில வலைப்பக்கங்களை முடக்கும்படி தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. குறிப்பிட்ட ஒரு வலைப்பதிவை மட்டும் முடக்கத் தெரியாமலோ, அதற்குச் சிரமப்பட விரும்பாமலோ, பல இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் ஆகிய வலைப்பதிவு, வலைப்பக்கச் சேவைகளை முழுவதுமாகவே அடைத்துவிட்டன. தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. பதிவு எழுதும் பக்கம் திறக்கும், எழுதியதை வெளியிடலாம், வெளியிட்டதைப் படிக்கத்தான் முடியாது! பிளாக்ஸ்பாட்டை நடத்தும் கூகுளுக்கு எத்தனை கடிதம் போட்டாலும் அவர்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அன்லிமிடெட் என்றால் என்ன?

காசு கொடுத்து வாங்கும் ஹோஸ்டிங்கில் மலிவானது ஷேர்டு ஹோஸ்டிங். பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே மோட்டார் என்பது போல, ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. விளம்பரத்தில் இடமும் போக்குவரத்தும் 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லை நம்பவே வேண்டாம். இடத்துக்கு வரம்பு இல்லாவிட்டாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கலாம், பிராசஸரில் எவ்வளவு பங்கு எடுக்கலாம், எவ்வளவு மெமரி என்பதற்கெல்லாம் வரம்பு இருக்கும். இதெல்லாம் விதிமுறைப் பக்கத்தின் அடியில் எங்கேயோ எழுதியிருக்கும்.

வரம்பு எப்போது தெரியும்? ஆள் வரும்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. அந்த மாதிரி ஒரு இரவில் உள்ளூர்க்காரர் ஒருவர் படத்தோடு எழுதும் பதிவு வாட்ஸப் குழு குழுவாகப் பாயும். கொஞ்ச நேரத்துக்குள் ஆயிரம் பேர் வந்து நின்றால், ஒவ்வொருவருக்கும் வேர்ட்பிரஸ் புதிதாக டேட்டாபேஸைத் தொட்டு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கட்டும். மலிவு பிளான் அதைத் தாங்காது. 508 என்ற எண்ணோடு வரம்பு முடிந்தது என்று செய்தி வரும், அல்லது டேட்டாபேஸ் இணைப்புக் கிடைக்கவில்லை என்று வெறும் ஒரு வரி மட்டும் நிற்கும். சப்போர்ட் உடனே பெரிய பிளானுக்கு மாறச் சொல்லும். வியாபாரப் பேச்சு என்று கோபப்படத் தோன்றும்; ஓரளவு அது வியாபாரம்தான். ஆனால் ஒரு கேஷ் பிளகினைப் போட்டு, ஒரு தடவை கட்டிய பக்கத்தையே எல்லோருக்கும் கொடுக்கச் செய்தால் அதே மலிவு பிளான் எவ்வளவோ தாங்கும். இதை சப்போர்ட்காரர் முதலில் சொல்லமாட்டார். நாம் கேட்டால் சொல்வார்.

தமிழுக்கு மட்டும் வரும் தலைவலிகள்

இனி வருவது எந்த ஆங்கில உதவிப் பக்கத்திலும் சரியாகக் கிடைக்காத பகுதி.

யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கிறது. அதை இணைய முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. அதாவது 22 தமிழ்க் குறிகள். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதை மறந்துவிட வேண்டாம். 'திருவொற்றியூர்' என்ற ஒரு ஊர்ப் பெயரே 14 குறி, 126 எழுத்து. 'திருவொற்றியூர் தேரடித் தெருவின் பழைய கடைகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி தேரடியைத் தாண்டியதுமே வெட்டுப்படும். இரண்டு பதிவுகள் ஒரே மாதிரித் தொடங்கினால் முகவரிகளும் ஒன்றுபோல வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு எண் மட்டும் வித்தியாசமாக நிற்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம். சிலர் அதை வைரஸ் லிங்க் என்று நினைத்து அழுத்தவே மாட்டார்கள். சர்வரின் பாதுகாப்பு வடிகட்டியும் சில நேரம் அதே மாதிரி சந்தேகப்பட்டு 403 (அனுமதி இல்லை) காட்டிவிடும். அப்போது "எந்தப் பாதுகாப்பு விதியில் மாட்டியது என்று லாகில் (சர்வரின் பதிவேட்டில்) பார்த்து, என் தளத்துக்கு மட்டும் அந்த விதியை விலக்கிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். முகவரிப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நாமே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் (பிளாக்ஸ்பாட் முகவரியில் வருவது) வேறு கதை. தமிழ்த் தலைப்பை அது முகவரிக்கு எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பதிவுக்கும் பிளாக்-போஸ்ட் என்று பெயர் வைத்துப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். முகவரியை நாமே எழுதும் வசதி பிற்பாடுதான் வந்தது. அதற்கு முன்பு, தலைப்பை முதலில் ஆங்கில எழுத்தில் தட்டி வெளியிட்டுவிட்டு உடனே உள்ளே போய்த் தமிழுக்கு மாற்றுவது அந்தக் காலத் தமிழ்ப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த தந்திரம். எந்த சப்போர்ட்டும் சொல்லித் தந்ததில்லை.

பழைய வேர்ட்பிரஸ் தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நடக்கும் விபத்துதான் இருப்பதிலேயே பயங்கரம். 2007 வாக்கில் தொடங்கிய தளங்களில் டேட்டாபேஸ் லத்தீன் எழுத்து வகை என்று குறிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருப்பதோ தமிழின் யூடிஎஃப்-8 பைட்டுகள். பழைய இடத்தில் அது எப்படியோ ஒப்பேறிக்கொண்டிருக்கும். சப்போர்ட்டில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு சரியான முறையில் மாற்றிக் கொடுக்க, மறுநாள் தளம் முழுவதும் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக நிறைந்திருக்கும். தமிழ் படிக்கத் தெரியாத அவருக்கு, வந்திருப்பது சரியா தவறா என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை. "மைக்ரேஷன் முடிந்தது" என்று டிக்கெட்டை மூடியிருப்பார்.

இந்த நிலையில் பதறிப்போய் எதையும் திருத்திச் சேமிக்கக் கூடாது. விநோத எழுத்துகள் தெரிந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தம். தெரிந்தவர் கையில் கொடுத்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். எல்லா எழுத்தும் கேள்விக்குறியாகத் தெரிந்தால்தான் ஆபத்து. மாற்றும்போதே தமிழ் தொலைந்திருக்கலாம். அப்படித் தொலைந்திருந்தால், பழைய சர்வரின் பேக்கப் இருந்தால் மட்டுமே மீளும். அதனால் புதிய இடத்தில் தமிழ் சரியாக வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடாதீர்கள். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போனால் போகட்டும்.

பதில் எழுதும் மேசை

சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டு திட்டுகிறோம். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் இரவு கேப் ஏறி அம்பத்தூருக்கோ ஓஎம்ஆருக்கோ போய் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு சப்போர்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் மேசையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். முதல் நிலையில் இருப்பவருக்கு சர்வருக்குள் நுழையும் உரிமை கிடையாது. தளம் திறக்கிறதா, பணம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம், ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதில்களில் ஒன்றை எடுத்து ஒட்டலாம், மேல் நிலைக்கு அனுப்பலாம். முதல் பதில் எத்தனை நிமிடத்தில் போனது, ஒரு ஷிப்டில் எத்தனை டிக்கெட் மூடினார் என்பதுதான் அவருக்குக் கணக்கு. காரணமில்லாமல் மேலே அனுப்பினால் அவருக்குத் திட்டு விழும். ஆகவே, மேலே அனுப்புவதற்கான காரணத்தை நாம்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

எந்த நேரத்தில் தொடங்கியது (இந்திய நேரம் என்று குறிப்பிட்டு), எந்தப் பக்கம், திரையில் வந்த செய்தி எழுத்து மாறாமல், எந்த எந்த இணைப்பில் திறந்து பார்த்தீர்கள், நம் ஐபி முகவரி, கடைசியாக எதை மாற்றினீர்கள். இவ்வளவும் எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வரியில் இருந்தால் போதும். "கேஷ் அழித்தாயிற்று, வேறு பிரவுசரிலும் பார்த்தாயிற்று" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் முதல் சுற்று மிச்சம். கேஷ் ஆலோசனையைக் கிண்டல் செய்கிறோமே தவிர, பழைய பக்கத்தையே பிரவுசர் காட்டிக்கொண்டிருப்பது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான். டொமைனின் நேம்சர்வரை (பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் சர்வரை) மாற்றினால் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் கைக்கு வந்த எண் இல்லை; .காம் பெயர்களின் நேம்சர்வர் விவரத்தை 1,72,800 விநாடி வரை, அதாவது இரண்டு நாள் வரை, நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று உலகத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

நேர வித்தியாசமும் ஒரு காரணம். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9 மணிக்கு ஆள் வந்து உட்காரும்போது இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நாம் காலையில் போட்ட டிக்கெட்டை அனுபவமுள்ளவர் பார்ப்பது நாம் படுக்கப் போகும் நேரத்தில். அவர் கேட்கும் கேள்விக்கு நாம் மறுநாள் காலை பதில் எழுதுவோம். ஒரு கேள்விக்கு ஒரு நாள் என்று இப்படியே ஒரு வாரம் ஓடிவிடும்.

99.9% நேரம் தளம் நிற்காமல் ஓடும் என்று உறுதி தருகிறார்களே, அது? முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்திருந்தாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதாகவே கணக்கு. அதற்கு மேல் போனாலும், வழக்கமாகக் கிடைப்பது மாத வாடகையில் ஒரு பகுதி தள்ளுபடி. நமக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு என்று அதில் எங்கும் இருக்காது.

பெயர் யாருடையது?

சர்வர் கோளாறு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வேறு சர்வருக்கு மாறிவிடலாம். டொமைன் பெயர் போனால் அப்படி முடியாது. இதில் இந்தியர்களுக்கு 2021 அக்டோபர் 1 முதல் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்தது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு முன்கூட்டியே தகவலும் கூடுதல் சரிபார்ப்பும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி அன்று நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்கேற்பத் தயாராகாத வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் புதுப்பிப்புகள் வரிசையாகத் தோற்றன. 'ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேனே' என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு, எப்போதோ மறந்துபோன மின்னஞ்சல் முகவரிக்கு எச்சரிக்கை போயிருக்கும்.

.காம் பெயர் காலாவதியானால் உடனே கை நழுவாது. பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகை தரலாம். தர வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்குப் பின் 30 நாள், பெரிய கட்டணம் கட்டி மீட்கும் காலம். கடைசியாக 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் வாசகர் வரும் தளம் என்றால் எடுப்பதற்கென்றே ஆட்கள் காத்திருப்பார்கள். அப்புறம் நம் தளப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

இன்னொரு சிக்கலை உள்ளூரில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையோ, கொருக்குப்பேட்டை டியூஷன் சென்டரோ, ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளியோ தளம் தொடங்கும்போது 'டிசைன் பண்ணிக் கொடுக்கும் தம்பி' ஒருவரிடம் பொறுப்பை விடுவார். தம்பி தன் கணக்கிலேயே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் வாங்கிவிடுவார். வேண்டுமென்றே செய்வது ரொம்பக் குறைவு. அவருக்கு அது வேலை சுலபம். சில வருடம் கழித்துத் தம்பி வேறு வேலைக்குப் போய், எண்ணும் மாறிவிடும். அதற்குப் பின் நாம் சப்போர்ட்டுக்கு எழுதினால், "பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து எழுதுங்கள்" என்பார்கள். பிடிவாதம் இல்லை அது. கேட்பவர்க்கெல்லாம் தளத்தைத் தூக்கிக் கொடுத்தால் திருடனுக்கும் கொடுக்க வேண்டிவரும். 2018க்குப் பிறகு ஹூஇஸ் பக்கத்தில் (டொமைன் விவரம் தேடும் பக்கம்) உரிமையாளர் பெயரையும் பொதுவாக மறைத்துவிடுகிறார்கள் என்பதால் டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. தம்பி நல்லபடியாக இருக்கும்போதே கணக்கை நம் மின்னஞ்சலுக்கு மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இலவசத்தில் சப்போர்ட் யார்?

பிளாகரில் எழுதுபவர்களுக்கு டிக்கெட் என்பதே கிடையாது. உதவிப் பக்கத்தில் கேள்வி போட்டால், பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயனர்களும் தன்னார்வலர்களும்தான். ஆனாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: வரம்பு முடிந்தது என்று மூடிக்கொள்ளும் வழக்கம் பிளாகரில் இல்லை, வாடகை கட்டாமல் போய் அழிந்த பதிவும் இல்லை. எழுதியவர் போன பின்னும் நிற்கும் தமிழ்ப் பதிவுகள் அதிகம் இருப்பது அங்கேதான்.

கோளாறு வந்தால் மட்டும் கேட்பாரில்லை. 2011 மே மாதம் பராமரிப்பு வேலையில் தரவு சிதைந்து, இருபது மணி நேரத்துக்கும் மேலாக யாரும் பதிவு போட முடியவில்லை. முந்தைய நாள் போட்ட பதிவுகளும் சிறிது காலம் காணாமல் போயின. அதைவிடத் தமிழ்ப் பதிவர்களை நேரடியாகத் தொட்டது டாட் இன் கதை. 2012 தொடக்கத்தில் பிளாகர், இந்தியாவிலிருந்து வருபவர்களை பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. நாமும் முகவரியை அப்படியே நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினோம். 2018ல் திருப்புவதை நிறுத்தினார்கள். 2020ல் அந்த டாட் இன் டொமைனே கூகுளின் கையைவிட்டுப் போய், வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவது நம்மூர் டியூஷன் சென்டருக்கு மட்டும் நடப்பதல்ல என்பது ஒரு அற்ப ஆறுதல். பழைய கட்டுரைகளில் அந்த முகவரி தென்பட்டால் கடைசி இன் என்பதை அழித்து காம் என்று போட்டுப் பாருங்கள். பதிவு அங்கேயே இருக்கும்.

காசு வாங்கும் சேவைகளும் நிரந்தரமில்லை. 2003ல் தொடங்கி, கட்டணம் வாங்கிக்கொண்டே நடந்த டைப்பேட், 2025 ஆகஸ்டு இறுதியில் அறிவிப்பு விட்டு செப்டம்பர் 30ல் மூடிவிட்டது. பதிவுகளை எடுத்துக்கொள்ள ஒரு மாத அவகாசம்தான் கிடைத்தது.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லா ஹோஸ்டிங் நிறுவனமும் சொல்லும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவை ஒரே தரவை இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, அதையே பேக்கப் என்று நம்பியிருந்தது. 2008 இறுதியில் ஒரு வட்டில் அழிந்தது இன்னொன்றிலும் அழிந்து, சேவையே முடிந்தது. 2021 மார்ச் 10ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் இழந்த வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களில் சிலர் நீதிமன்றம் போய் இழப்பீடு பெற்றார்கள். தரவு திரும்பவில்லை.

நாமே எடுக்கும் பேக்கப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பிளாகர் பதிவுகளை இறக்கும்போது கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலும், வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பிலும் எழுத்துதான் இருக்கும். படங்களின் முகவரி மட்டும் இருக்கும், படம் இருக்காது. தளம் மூடிய பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் எண்ணூர் கழிமுகப் படங்கள் இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம். படங்களைத் தனியாக இறக்க வேண்டும்: பிளாகரில் கூகுள் டேக்அவுட் வழியாக, வேர்ட்பிரஸில் அப்லோட்ஸ் ஃபோல்டரை முழுதாக.

சட்டம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு: இலவசச் சேவைக்கு உதவாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமில்லாமல் தரும் சேவையைச் 'சேவை' என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. காசு கட்டியிருந்தால் வழி உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், ராயபுரத்துக்காரர் சென்னை வடக்கு ஆணையத்துக்கே போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இந்தியாவில் அலுவலகம் இல்லாத நிறுவனத்திடம் உத்தரவை நிறைவேற்றி வாங்குவது கஷ்டம். உள்நாட்டு நிறுவனம் என்றால் நோட்டீஸ் போனதுமே பல நேரம் டிக்கெட் மறுபடி திறக்கும். கடைத் தளமாக இருந்தால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துவது என்று காட்ட வேண்டியிருக்கும். பில், டிக்கெட் எண்கள், அவர்கள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பில் டிசைன் தம்பி பேரில் இருந்தால் ஆணையத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.